இலை இல்லை

மார்ச் 4

இந்த நோட்டு அக்கா வாங்கிக் கொடுத்தது. "பதினொரு வருசமா காட்டுக்குள்ள அப்படி என்னதான் பண்றே, ஒரு தடவையாச்சும் எழுதிக் காட்டு" என்றாள். எழுதுகிறேன்.

மழை பெய்து நூற்று முப்பது நாளாகிறது. ஐப்பசியில் இரண்டு நாள் தூறியது, அதோடு சரி. சுள்ளித்தொட்டிச் சரிவு வழக்கமாக மாசியில்தான் மொட்டையாகும். இந்த வருடம் மார்கழியிலேயே தேக்கு உதிர்ந்துவிட்டது. தை முடிவதற்குள் வெக்காலி மரமும். வேங்கை மட்டும் போன வாரம் வரை இலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்று போய்ப் பார்த்தால் அதுவும் இல்லை.

என் வேலை நாற்பது மரங்களைப் பார்த்துக்கொள்வது. ஒவ்வொன்றின் அடிமரத்திலும் இரண்டு ஊசிகள் செருகியிருக்கிறோம். மேல் ஊசி லேசாகச் சூடாகும். உள்ளே ஏறுகிற நீர் அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தால் மரம் எவ்வளவு குடிக்கிறது என்று தெரியும். வாரம் மூன்று நாள் போய்ப் பதிவை இறக்கிக்கொண்டு வருவேன். பேட்டரியைத் தூக்கவும் யானை நிற்கிறதா என்று பார்க்கவும் கெம்பி கூட வருவாள். சரிவுக்குக் கீழே இருக்கிற சுள்ளித்தொட்டி ஊர்க்காரி. என்னைவிட நான்கு வயது சின்னவள். 

பதினேழாம் மரத்தில் எறும்பு வயரைக் கடித்துவிட்டது. மாற்றினேன். மதியம் கெம்பியின் களி, என் தக்காளித் தொக்கு.

மார்ச் 12

கெம்பி கேட்டாள்: "ஏக்கா, இதெல்லாம் செத்துப்போச்சுங்களா?"

"சாகலெ. வாயை மூடிக்கிட்டு நிக்குது."

இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அது வழியாகத்தான் மரத்தின் தண்ணீர் காற்றில் போகிறது என்று சொன்னேன். வெயில் ஏற ஏற மரம் அந்தத் துளைகளைச் சாத்திக்கொள்ளும். சாத்தினால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் சாப்பாடு சமைக்க முடியாது. அதற்கும் மேல் வறட்சி நீண்டால் இலையையே உதிர்த்துவிடும். அப்படிச் செய்யாமல் குடித்துக்கொண்டே இருந்தால், மண்ணில் நீர் இல்லாதபோது உள்ளே இருக்கிற நீர்க்கம்பி அறுந்து காற்றுக்குமிழ் புகுந்துவிடும். அறுந்த இடத்துக்கு மேலே அப்புறம் தண்ணீர் ஏறாது. அந்தக் கிளை போச்சு. 

"அப்ப சாகாம இருக்கறதுக்குத்தான் மொட்டையா நிக்குதா?"

ஒரு வெக்காலியின் பட்டையைக் கத்தி நுனியால் லேசாகச் சுரண்டினேன். உள்ளே ஈரப் பச்சை. கெம்பி விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். "திருட்டுக் கழுதெ" என்றாள் மரத்தை.

மார்ச் 30

மழை இல்லை. துணி துவைக்கவும் தண்ணீர் இல்லை. சுள்ளித்தொட்டியில் ஊற்றுக்குழியில் இன்னும் ஊறுகிறது. சரிவுக்கு அடியில் பாறை இடுக்கில் இருக்கிற குழி அது. மெதுவாகத்தான் ஊறும். ஒரு குடம் நிறையும் நேரத்தில் ஒரு தலை பின்னி முடித்துவிடலாம் என்கிறாள் கெம்பி. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அதுதான்.

ஏப்ரல் 8

நடேசமூர்த்தி சார் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். இந்த ஆய்வின் தலைவர் அவர். என்னை வேலைக்கு எடுத்ததும் அவர்தான். மடிக்கணினியில் செயற்கைக்கோள் படம் காட்டினார். சரிவு முழுக்கச் சிவப்பு. ஒரு மாதத்துக்கு மேலாக இலை இல்லாத, பங்குனியிலும் தளிர்க்காத மரங்கள் எல்லாம் பட்டமரங்கள் என்று அவருடைய புதிய முறை சொல்கிறது. ஆயிரத்து முந்நூறுக்கு மேல். இந்த முறையை அடுத்த மாதம் பெரிய கூட்டத்தில் வெளியிடப் போகிறார். வனத்துறையும் கேட்டிருக்கிறதாம். அதற்குக் களத்தில் நின்று சரிபார்த்த சான்று வேண்டும். என்னிடம் ஒரு படிவம் கொடுத்தார். மரத்தின் எண், இனம், இலை உண்டா இல்லையா. மூன்றே பத்திகள். அடியில் என் கையெழுத்துக்கு இடம்.

போகும்போது, "தொழில்நுட்ப அலுவலர் பணியிடம் வந்துருச்சு வாணி. நிரந்தரம். மே மாசம் நேர்காணல்" என்றார். முப்பத்தெட்டு வயது நிறைவடையாதவர்கள் விண்ணப்பிக்கலாம்.

எனக்கு ஜூலையில் முப்பத்தெட்டு.

ஏப்ரல் 11

மூன்று நாளாக நாற்பது மரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நான் சுரண்ட, கெம்பி தொட்டுப் பார்த்துச் சொன்னாள்: "பச்செ... பச்செ... இது காஞ்சுபோச்சுக்கா... பச்செ." ஊசிப் பதிவையும் வைத்துப் பார்த்தேன். அடிமரத்தில் கட்டிய எஃகுப் பட்டை பகலில் நூலளவு தளர்ந்து விடிவதற்குள் மறுபடி இறுகுகிறது. சாகிற மரம் இப்படிச் சுருங்கி விரியாது. உயிரோடு முப்பத்து நான்கு. பட்டது ஆறு. ஆறில் நான்கு வேங்கை. கடைசிவரை இலையை விடாமல் நின்றவை.

படிவத்தில் நான்காவதாக ஒரு பத்தி கோடு போட்டு, 'குறிப்பு' என்று தலைப்பிட்டு எல்லாவற்றையும் எழுதினேன். படம் எடுத்து சாருக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 13

சார் கூப்பிட்டார்.

"குறிப்புன்னு ஒண்ணு சேத்திருக்கியே, அது எதுக்கு?"

"முப்பத்தி நாலு மரம் உயிரோட இருக்குங்க சார். தண்ணி ஏறுது. ரொம்பக் கொஞ்சந்தான். ஆனா ஏறுது."

"இலை இருக்கா?"

"இல்லீங்க."

"அப்போ இலை இல்லைன்னு எழுது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உயிர் இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது என் வேலை."

"அதை வச்சு யாராச்சும் வெட்டிட்டாங்கன்னா..."

"யாரும்மா வெட்டப் போறாங்க? இது ஆராய்ச்சி." பிறகு நல்ல குரலில் கேட்டார்: "உனக்கு ஜூலையிலதானே முப்பத்தெட்டு?"

அக்கா பாயசம் செய்ய வரச் சொன்னாள், நாளை சித்திரை ஒன்று. போக முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 14

புதிய படிவம் போனது. நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

ஏப்ரல் 22

வெயில் தாங்கவில்லை. மதியம் வனவர் ஞானவேல் போனில் கூப்பிட்டார். இந்தப் பகுதிக்குப் பொறுப்பு அவர்தான். தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் பட்டமரங்களை அகற்ற உத்தரவு வந்திருக்கிறதாம். சரிவின் கிழக்குப் பாதியில்தான் லாரி ஏறும், அங்கே மட்டும். அறுநூறு மரம். உங்கள் அறிக்கையை வைத்துத்தான் உத்தரவு, சரிதானே மேடம் என்று கேட்டார். எல்லாம் அறிக்கையில் இருக்கிறது என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் தலைவலி. காபி போட்டுக் குடித்தேன். பால் திரிந்திருந்தது, கவனிக்கவில்லை.

மே 3

வெட்டுகிறார்கள். காலையிலிருந்து மிஷின் ரம்பத்தின் சத்தம். எங்களுடைய நாற்பதில் இருபத்திரண்டு கிழக்குப் பாதியில் இருக்கின்றன. ஊசிகளைக் கழற்றிக்கொண்டு வரச் சார் சொன்னார். கருவி வீணாகக் கூடாதே.

கெம்பியின் புருசன் ஜடையனும் வெட்டுகிற ஆட்களில் ஒருவன். இந்த வறட்சியில் வேறு வேலை ஏது. அவன் ஒரு வெக்காலியை வெட்டி முடித்துவிட்டுக் கெம்பியைக் கைகாட்டிக் கூப்பிட்டான். "இங்க வந்து பாரு புள்ளெ, ஈரமா இருக்குது" என்றான். கெம்பி வெட்டுமுகத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது பச்சைன்னு நாம பாத்ததுதானேக்கா? ஒங்க சாருகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன்.

சொன்னது உண்மைதான். ஏப்ரல் பதின்மூன்றாம் தேதிப் பக்கத்தைப் பாருங்கள்.

மே 4

போகவில்லை.

மே 12

நேர்காணல். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சார் ஓரத்தில். வறட்சியைத் தாங்க மரங்கள் கையாளும் வழிகள் என்ன என்று ஒருவர் கேட்டார். துளை மூடுவது, இலை உதிர்ப்பது, அடிமரத்தில் சேமித்த நீரை எடுத்துக்கொள்வது, ஆழத்து வேர் என்று வரிசையாகச் சொன்னேன். "அப்படியானால் இலை இல்லாத மரம் இறந்த மரமல்ல, அப்படித்தானே?" என்றார் அவர், ஏதும் அறியாமல். சார் மேசை மேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"சூழ்நிலையைப் பொறுத்ததுங்க" என்றேன்.

நல்ல பதில் என்று தலையாட்டினார்கள்.

மே 19

மழை. பிற்பகல் மூன்று மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணி நேரம் விடாமல். இடி. தகரக் கூரையில் அடித்த அடியில் பேச்சே கேட்கவில்லை. தெருவில் எல்லோரும் வெளியே வந்து நனைந்தார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன், ஊசிப் பதிவேடுகள் நனைந்துவிடக் கூடாதே என்று.

கடைசி மரம் விழுந்து எட்டு நாள்தான் ஆகிறது.

மே 20, 21, 22

மழை. மழை. மழை.

ஜூன் 2

மழை தொடங்கிப் பதினைந்தாம் நாள் சரிவுக்குப் போனேன். கெம்பி வரவில்லை. ஞானவேல் வந்திருந்தார்.

மேற்குப் பாதி, லாரி ஏற முடியாததால் தப்பித்த பாதி, ஒரே பச்சை. சாரின் படத்தில் அதுவும் சிவப்புதான். தேக்கு யானைக்காது அகலத்துக்கு இலை விட்டிருக்கிறது. கிழக்கே வெறும் செம்மண். லாரித் தடங்கள் ஓடைகளாக அறுந்து கிடக்கின்றன. அடிக்கட்டைகளைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர். ஒரு கட்டையில் பதினான்கு எண்ணினேன். மேலே ஒன்றும் இல்லை, இருந்தும் வேர் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருக்கிறது.

ஞானவேல் அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். இருபத்தாறு வயது இருக்கும்.

"மேடம், நீங்க பட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே" என்றார்.

"அறிக்கையில இருக்கறதைச் சொன்னேன்."

"இல்லீங்க மேடம். எனக்குச் சந்தேகமா இருந்துச்சு, அதனாலதான் போன் பண்ணேன். மேடம், இதெல்லாம் நெசமாவே செத்துப்போச்சுங்களா, நீங்க கண்ணால பாத்தீங்களான்னு ரெண்டு தடவை கேட்டேன். ஆமாங்க, பட்டுப்போச்சுன்னு சொன்னீங்க. நீங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மறு ஆய்வுக்கு எழுதியிருப்பேன். பத்து நாள் தள்ளிப்போயிருக்கும். அதுக்கு மேல வேண்டியதில்லீங்களே. பத்து நாள், அப்புறம் இன்னொரு பத்து நாள். மழை வந்திருக்கும்."

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 3

கெம்பி ஏன் வரவில்லை என்று தெரிந்தது. சுள்ளித்தொட்டிக்குப் போனேன். சரிவிலிருந்து இறங்கிய மண் ஊற்றுக்குழியை மூடிவிட்டது. ஆளுயரச் சேறு. மூன்று நாளாக ஊரே கூடி அள்ளியும் ஊற்றுக்கண் அகப்படவில்லை. ராத்திரி மழை பெய்தால் அள்ளியது முழுக்க மறுபடி வந்து நிரம்புகிறதாம். பெண்கள் தண்ணீருக்கு ஓடை வரை போகிறார்கள். யானைத் தடத்தில் போக வர ஒரு மணி நேரம். மழைக்காலத்தில் தண்ணீர் தேடி நடக்கிறார்கள்.

நானும் கூடையில் சேறு சுமந்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கெம்பி எனக்கு ஒரு பழைய சேலையைக் கிழித்துச் சும்மாடு கட்டிக் கொடுத்தாள்.

ஜூன் 18

பணி ஆணை வந்தது. அக்கா அழுதாள், சந்தோஷத்தில். வயது வரம்புக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் மிச்சம்.

ஜூன் 22

வீட்டைக் காலி செய்யும் முன் சொல்லிக்கொள்ளப் போனேன். கெம்பி ஒரு வேலை கேட்டாள்.

"ஒரு மனு எழுதிக் கொடுங்கக்கா. மரமெல்லாம் உசிரோடதான் இருந்துச்சுன்னு. நானே தொட்டுப் பாத்தேன்னு எழுதுங்க. எந்த மகராசன் செத்துப்போச்சுன்னு சொன்னானோ அவனே வந்து இந்தக் குழியத் தோண்டிக் குடுக்கட்டும்னு எழுதுங்க."

எழுதினேன். 'மேற்படி சரிவில் உயிருடன் இருந்த மரங்கள் பட்டமரங்கள் எனத் தவறாகக் கருதப்பட்டு அகற்றப்பட்டமையால் எங்கள் ஊரின் ஒரே குடிநீர் ஆதாரம் தூர்ந்துவிட்டது. உரிய அதிகாரிகள் தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.' படித்துக் காட்டினேன்.

"நான் சொன்னதெல்லாம் வந்திருச்சுங்களா?"

"வந்துருச்சு."

கெம்பி முதலாவதாகக் கைநாட்டு வைத்தாள். ஊரே வைத்தது. போகும்போது தேன் ஒரு பாட்டில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27

கோயம்புத்தூர். புதிய மேசை, ஜன்னலுக்குப் பக்கத்தில். எழுத்தர் லோகாம்பாள் அம்மா ஒரு கோப்பு கொண்டுவந்து வைத்தார். சுள்ளித்தொட்டி மக்களின் மனு. வனத்துறை எங்கள் நிறுவனத்தின் கருத்தைக் கேட்டு அனுப்பியிருக்கிறது. 'தொழில்நுட்ப அலுவலரின் குறிப்புக்கு' என்று சார் மேலே எழுதியிருக்கிறார். திறந்தால் நான் என் கையால் எழுதிக் கொடுத்தது. பணிவுடன் வேண்டுகிறோம்.

"பழைய அறிக்கையையே நகல் எடுத்து வச்சு அனுப்பிரலாமுங்களா மேடம்?" என்று கேட்டார் லோகாம்பாள் அம்மா.

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 28

ஏப்ரல் 22 அன்று இந்த நோட்டில் எழுதியது உண்மையல்ல. ஞானவேல் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும், ஆமாங்க, பட்டுப்போச்சு என்றேன். இரண்டாம் தடவை, "நானே பாத்தேங்க" என்றும் சொன்னேன். ஜூன் 2 அன்று சரிவில் பேசியபோது அவர் அதைச் சொல்லவில்லை. மறந்திருப்பார், அல்லது எனக்காக விட்டிருப்பார்.

கோப்பில் இன்று எழுதினேன்: 'நாற்பது மாதிரி மரங்களில் முப்பத்து நான்கு உயிருடன் இருந்தன. ஏப்ரல் 11 அன்று நேரில் கண்டேன். அந்தக் குறிப்பை நீக்கி, வேறு படிவத்தில் கையெழுத்திட்டது நான்.' ஊசிப் பதிவுகளையும் இணைத்தேன். சாரின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன். வேலை போகும் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 9

வேலை போகவில்லை.

சார் கூப்பிட்டார். கோபப்படவில்லை. டீ வரவழைத்தார்.

"நல்லா எழுதியிருக்கே. மனசு சுத்தமாயிருச்சா?" என்றார். "ஆனா ஒண்ணு வாணி. இதைச் சரிபாக்கணும்னா மரம் வேணும். மரம் எங்கே?"

"பதிவு இருக்குங்க சார். மேற்குப் பாதி பூரா பச்சையா நிக்குது. அடிக்கட்டையும் துளிர்த்திருக்கு."

"மனு மேற்குப் பாதியைப் பத்தி இல்லையே. அடிக்கட்டை துளிர்க்கறது வேற விஷயம். வேர்ல சேமிப்பு இருந்தா பட்டமரம்கூட துளிர்க்கும்னு யாராச்சும் வாதாடுவாங்க. கருவி வறட்சியில சரியா வேலை செஞ்சுதான்னு கேப்பாங்க. நீயே பதிவேட்டுல எறும்பு வயரைக் கடிச்சுதுன்னு ஒரு குறிப்பு எழுதியிருக்கே, பாத்தேன்."

என் குறிப்பை அவர் கிழிக்கவில்லை. கோப்பிலேயே இருக்கிறது, முப்பத்தேழாம் பக்கம். அதற்கு மேல் முப்பத்தெட்டாம் பக்கமாக ஒரு கடிதம் வைத்திருக்கிறார்கள்: 'மனுதாரர் குறிப்பிடும் மரங்கள் தற்போது களத்தில் இல்லாததால் அவற்றின் நிலையைச் சரிபார்க்க இயலாது. களத்தில் நேரில் பார்த்தவர் கையெழுத்திட்ட படிவத்தின் அடிப்படையில் முடிவு எடுக்கப்பட்டது சரியே. மனு முடித்து வைக்கப்படுகிறது.' மனுவில் முதல் கைநாட்டு கெம்பியுடையது என்பதால் அவள் பெயருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

தபாலில் போட வேண்டாம், நான் கொண்டுபோகிறேன் என்றேன். அங்கே அதைப் படித்துக் காட்ட யாரும் இல்லை.

செப்டம்பர் 17

விடுப்பு எடுத்துக்கொண்டு சுள்ளித்தொட்டிக்குப் போனேன். கெம்பி வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து கையைப் பிடித்தாள். "எளச்சுட்டீங்களேக்கா" என்றாள். ஊற்றுக்கண் இன்னும் அகப்படவில்லை. வேறு இடத்தில் தோண்டிப் பார்த்தார்களாம், பாறைதான்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஜடையன் உள்ளிருந்து வந்து நின்றான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கெம்பிதான் கேட்டாள்.

"களத்துல நேர்ல பாத்தவங்கன்னு போட்டிருக்கே, அது யாருக்கா? அந்த மரத்தையெல்லாம் நாம ரெண்டு பேருந்தானே பாத்தோம்?"

"நாந்தான் கெம்பி. இலை இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நாந்தான். வனவரு கேட்டப்போ பட்டுப்போச்சுன்னு சொன்னதும் நாந்தான். இந்த வேலைக்காகச் சொன்னேன்."

கெம்பி என் கையை விட்டாள். ரொம்ப நேரம் தன் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சையா இருந்துச்சேக்கா" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஆமா."

"அப்புறம் அந்த மனுவ எழுதும்போது..."

கடிதத்தை வாங்கி நான்காக மடித்து ஜடையனிடம் கொடுத்தாள். அவன் அதைக் கூரை மூங்கிலில் செருகினான். கெம்பி உட்கார்ந்து முறத்தை மறுபடி எடுத்தாள். உமி பறந்தது. அவள் திட்டுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். திட்டியிருக்கலாம்.

"நாலு மணி பஸ்ஸு இருக்குதுங்க மேடம்" என்றாள், முறத்தைப் பார்த்தபடியே. "இப்ப நடந்தீங்கன்னா புடிச்சரலாம்."

நடந்தேன். பஸ் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது.